ஏட்டுச் சுரைக்காய்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. எழுத்திலே கிடக்கும் காயினால் வயிறு நிறையாது. கொடியிலே காய்த்த காயே வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு இப்பழமொழியைத் தலைகீழாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காய் கறிக்கு வருவதேயில்லை. காலை முதல் மாலை வரை மலையிலே நின்று கொழுந்து கொய்திருக்கலாம். மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டிருக்கலாம். ஆயினும் செக்ரோலிலே பேர் விழவில்லையென்றால், அந்த நாள் அந்தத் தொழிலாளியின் வாழ்விலே இல்லாத நாளே.

இதை இவ்வாரம் எழுதத் தூண்டியவர் ஒரு மூதாட்டி. தலவாக்கலை நகரிலே, பஸ்ஸுக்காக நான் காத்து நின்ற ஒரு மாலைப் பொழுதில், கையிலே ஒரு கடித உறையுடன் அவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்தக் கடுதாசியிலே என்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த அளவில் வாசித்து, “ஆயா, பழைய கணக்கிலே இருக்கிற பேரும் உங்கள் அடையாள அட்டையிலே இருக்கிற பேரும் ஒன்றாக இல்லையாம். அந்தப் பழைய கணக்கு உங்களுடையதுதான் என்று காட்டச் சொல்கிறார்கள்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நான்தான் நான்னு எப்படித் தம்பி காட்டுறது?” என்று கேட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கேள்விக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அதன்பின் அவர் விடயத்தை முழுவதும் கேட்டறிந்தேன். அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. காளியம்மா என்றே வைத்துக்கொள்வோம். 1978 ஆம் ஆண்டிலே பத்தொன்பது வயதிற் பேர் பதிந்தவர், 2014 ஆம் ஆண்டிலே ஐம்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டு நின்றார். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே தோட்டத்திலே, ஒரே மலைகளிலே கொழுந்து கொய்தவர். ஆனால் ஏட்டின்படி அவர் இரண்டு பெண்கள். 1992 ஆம் ஆண்டுக்கு முன் வேலை செய்தவள் ஒரு ‘காளியாயி’. அதற்குப் பின் வேலை செய்தவள் ‘காளியம்மா’. பிந்தியவளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குரிய பணம் கிடைத்தது. முந்தியவளின் பதினான்கு ஆண்டுகள் ஆளில்லாக் கணக்காக நின்றன.

பெயர் எவ்வாறு மாறியது? இது யாரோ ஒருவர் வேண்டுமென்று செய்த தீங்கன்று. தோட்டங்கள் கைமாறிய வரலாற்றிலே விளைந்த தீங்கு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தினாலும் 1975 ஆம் ஆண்டின் திருத்தத்தினாலும் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. அவற்றுட் பெரும்பாலானவற்றை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. அக்காலத்திலே கொழுந்து கொய்த ஒவ்வொரு பெண்ணும் அரச நிறுவனமொன்றின் ஊழியரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பின்னர் 1992 ஆம் ஆண்டிலே தோட்டங்களின் நிர்வாகம் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் மலைகளை அளந்தார்கள். ஆலையின் இயந்திரங்களை எண்ணினார்கள். ஆட்களின் பெயர்களோ ஓர் இடாப்பிலிருந்து மற்றோர் இடாப்புக்குப் பார்த்து எழுதப்பட்டன. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திலே ஒருவர் எழுத, அதை மற்றொருவர் காதுக்கேற்றபடி படிக்க, காளியாயி காளியம்மாவானாள். ஒரு பெயரின் ஈற்றிலே நேர்ந்த பிசகு பதினான்கு ஆண்டு உழைப்பை விழுங்கிவிட்டது.

அந்தப் பதினான்கு ஆண்டுகள் எவ்வளவு பெறும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறும் தொழிலாளி ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட்சம்பளம் கொடுபட வேண்டும். தோட்டத்திலே சேவைக்காலப் பணம் என்று நாம் சொல்வது இதுவே. பதினான்கு ஆண்டுக்கு 196 நாட்சம்பளம். இதைவிட ஊழியர் சேமலாப நிதி வேறு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்நிதிக்கு, இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோர் கையிலிருந்து 12 வீதமும் சேருகின்றன. நிதியை நிர்வகிப்பது தொழில் திணைக்களம். பணத்தையும் கணக்கையும் காப்பது மத்திய வங்கி. இத்தனை பெரிய ஏற்பாடும் கடைசியில் ஒரு பெயரையும் ஓர் இலக்கத்தையும் ஒரு பெருவிரல் அடையாளத்தையும் நம்பியே நிற்கிறது.

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாடசாலை ஆசிரியரையோ, தபாற் கந்தோர் எழுதுவினைஞரையோ எடுத்துக்கொள்வோம். அவர் பதவியேற்ற நாளிலேயே அவருக்கென்று ஒரு தனிப்பட்ட கோவை திறக்கப்படுகிறது. நியமனக் கடிதம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்விச் சான்றுகள், வைத்திய அறிக்கை ஆகியன அதிலே சேர்கின்றன. பின்னர் சம்பள ஏற்றம், லீவு, இடமாற்றம், பாராட்டு, கண்டனம் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. அவர் மாற்றலாகிப் போனால் அக்கோவையும் அவரைத் தொடர்ந்து அடுத்த கந்தோருக்குப் போகிறது. ஓய்வு பெறும் வேளையில், அந்தக் கோவையைக் கொண்டே ஓய்வூதியம் கணிக்கப்படுகிறது. அவர் இறந்தால் மனைவி மக்களுக்குச் சேரவேண்டியதையும் அதுவே சொல்கிறது. அக்கோவை கண்டவர் கையிற் கிடப்பதன்று. அதற்குப் பொறுப்பானவரின் அலுமாரியிலே பூட்டப்பட்டிருக்க வேண்டியது.

ஒரே நாட்டிலே, ஒரே காலத்திலே, அரசின் கீழ் வேலை செய்த இருவரில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் கூடவரும் கோவை. மற்றவருக்குச் செக்ரோலில் ஒரு வரி. வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது.

ஏடு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது யாருக்காக எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நமது பாட்டன் பூட்டன் காலத்திலே ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் ஆட்களுக்கு அவர்களுடைய கடன் தொகையைக் காட்டி எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலொழிய ஆட்கள் போக முடியாது. தொழிலாளியைப் பற்றிய பதிவுதான் அதுவும். ஆனால் தொழிலாளியைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று, கட்டிப்போடுவதற்காக எழுதப்பட்டது. 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒருவரைப் பற்றிய ஏடு அவர் கண்ணுக்கு மறைவாகப் பிறர் கைகளிலே மட்டும் உலாவினால், அது கயிறாகவும் மாறும் என்பதற்கு நம் சொந்த வரலாறே சாட்சி.

அடுத்து வந்தது அதனினும் பெரிய சோதனை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே மலைநாட்டு மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். மறு ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமோ, பிரசாவுரிமை வேண்டுவோர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னைய காலத்திலே, மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் இடைவிடாது வசித்தமையை நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபிப்பது எதைக் கொண்டு? தோட்டத்து இடாப்பைக் கொண்டு; பிறப்புப் பதிவைக் கொண்டு; பாடசாலைச் சேர்விடாப்பைக் கொண்டு. அவற்றை எழுதியதும் வைத்திருந்ததும் நம்மவரல்லர். தோட்டத்திலே பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவுக்கு அறிவிப்பதும் துரையின் பொறுப்பாகவே இருந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. முடிவிலே பிரசாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோரின் கதை 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்திலே எண்ணிக்கைக் கணக்காயிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. நாடற்றவர் என்ற பெயர் நம்மைவிட்டு முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டத்தின் நோக்கமே ஒடுக்குவதாக இருந்தது உண்மை. ஆயினும் தாளிலே சான்று வைத்திருந்தவன் அந்தச் சட்டத்தின் முன்னும் ஓரளவு நிமிர்ந்து நின்றான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த குறையென்று எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவிலே, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்து உழைத்த மக்களின் வருகைப் பதிவுச் சீட்டுகளை, அந்நாட்டு உள்துறை அமைச்சு 2010 ஆம் ஆண்டிலே அழித்துவிட்டது. அதன்பின், ஐம்பது அறுபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து முதுமையடைந்தவர்களை நோக்கி, “நீ எப்பொழுது வந்தாய் என்பதற்குச் சான்று எங்கே?” என்று கேட்டார்கள். வேலை இழந்தவர்களும், வைத்தியம் மறுக்கப்பட்டவர்களும், நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2018 ஆம் ஆண்டிலே அது பெரும் விவகாரமாகி, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. சென்ற் லூயிஸ் நகரிலுள்ள அரசாங்க ஊழியர் பதிவேட்டு நிலையத்திலே 1973 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆந் திகதி தீப்பற்றியது. 1 கோடி 60 லட்சத்துக்கும் 1 கோடி 80 லட்சத்துக்கும் இடைப்பட்ட படைவீரர் கோவைகள் சாம்பலாயின. அவற்றுக்கு மறுபிரதி இல்லை, படச்சுருளும் எடுக்கப்படவில்லை. தீயணைக்கும் நீர்த் தெளிகருவிகளும் அம்மாடியிலே பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அவர்கள் கைவிரித்துவிடவில்லை. நனைந்த தாள்களை உலர்த்தி எடுத்தார்கள். சம்பளப் பற்றுச்சீட்டு, வைத்தியசாலைக் குறிப்பு என்று வேறு இடங்களிற் கிடந்த துணுக்குகளைத் தேடி, எரிந்துபோன சேவைக்காலத்தை மீண்டும் கட்டியெழுப்பினார்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் காளியம்மாவின் கதைக்கு இது பின்னர் உதவும்.

அழிவு ஒருபுறமிருக்க, களவும் உண்டு. தாளுக்குப் பதிலாகக் கணினியிலே ஏற்றிவிட்டால் கவலையில்லை என்று நினைப்போருக்கு 2015 ஆம் ஆண்டு ஒரு பாடம் புகட்டியது. அமெரிக்க அரசின் ஆளணி நிர்வாக அலுவலகத்திலே புகுந்த கள்வர், 2 கோடி 15 லட்சம் பேரின் விவரங்களைக் கவர்ந்தமை அவ்வாண்டிலே வெளிவந்தது. அவற்றுள் 56 லட்சம் பேரின் கைவிரல் அடையாளங்களும் அடங்கும். பூட்டுக் களவு போனால் வேறு பூட்டு மாட்டலாம். விரலை எவ்வாறு மாற்றுவது? கைநாட்டு வைத்தே காலங்கழித்த நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டங்கள் தரும் பாதுகாப்பைப் பார்ப்போம். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டப்படி, பகிரங்கப் பதிவேடுகளை ஒரு கந்தோர் தன் விருப்பம்போல் அழித்துவிட முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அதிகாரிகளிடம் தகவல் கேட்கும் உரிமையைப் பிரசைகளுக்குத் தந்தது. ஏற்கெனவே உள்ள பதிவேடுகளைப் பத்து ஆண்டுகளுக்கும், புதிதாக உண்டாகும் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் குறையாமற் காக்க வேண்டும் என்றும் அது விதித்தது. பன்னிரண்டு ஆண்டு சட்டப்புத்தகத்திலே நீண்ட காலந்தான். ஆனால் முப்பத்தாறு ஆண்டு கொழுந்து கொய்தவளுக்கு அது மூன்றில் ஒரு பங்கே. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்ட 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மேலும் ஒரு படி செல்கிறது. ஒருவரைப் பற்றிய விவரத்தைக் குறித்த காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அது பிழையற்றதாக இருக்க வேண்டும். உரியவர் அதைப் பார்க்கவும் பிழையிருந்தால் திருத்தக் கேட்கவும் உரிமையுடையவர் என்பன அதன் அடிப்படைகள். இவை நல்ல விதிகளே. எனினும் விதி கந்தோரிலே இருக்கிறது. பிழை லயத்திலே இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால், நடுவிலே எழுத்தறிந்த ஒருவர் நடந்து போகவேண்டும்.

தலவாக்கலையிலிருந்து சிறிது தூரத்திலே, சென்ற் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே உருவாக்கிய தேயிலை இனங்களுக்கெல்லாம் இலக்கம் உண்டு. ‘டி.ஆர்.ஐ. 2025’ என்று சொன்னால் போதும். அது எத்தகைய செடி, எங்கே நன்கு வளரும், எவ்வளவு கொழுந்து தரும் என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். செடியின் வரலாற்றை அவ்வளவு கருத்தாக எழுதி வைத்ததை நான் குறை கூறவில்லை, போற்றுகிறேன். அதே கருத்து, அந்தச் செடியிலே கொழுந்து கொய்த கையின் வரலாற்றிலும் இருந்திருக்கலாகாதா என்பதே என் ஆதங்கம்.

காளியம்மாவின் கதை என்னவாயிற்று? பழைய செக்ரோல்கள் பல கறையானுக்கு இரையாகிவிட்டன என்றே தோட்டத்து ஆபீசிற் சொன்னார்கள். மூதாட்டி மனம் சோர்ந்து வீட்டோடு இருந்துவிட்டார். உயர்தர வகுப்பிலே படிக்கும் அவர் பேத்தி மட்டும் விடவில்லை. லயக்காம்பிராவின் மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலைகளுக்கு அடியிலே தேடினாள். அங்கே, ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து வைத்தபடி, 1980களைச் சேர்ந்த சம்பளச் சீட்டுகள் பதினொன்று கிடைத்தன. ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “எழுத்துள்ள கடுதாசியை அடுப்பிலே போடக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு” என்றாராம் மூதாட்டி. அச்சீட்டுகளிலே ‘காளியாயி’ என்ற பெயரும், செக்ரோல் இலக்கமும், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் மங்கலாகத் தெரிந்தன. மூத்த பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலே தாயின் பெயர் ‘காளியாயி’ என்றே இருந்தது. அதே பிள்ளையின் திருமணப் பதிவிலே ‘காளியம்மா’ என்றிருந்தது. இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்ற் லூயிஸ் நகரிலே அரசாங்கம் செய்த வேலையை, இங்கே ஒரு மாணவி தகரப் பெட்டியின் முன் உட்கார்ந்து செய்து முடித்தாள்.

பதினான்கு ஆண்டுகளில் பதினோர் ஆண்டுகளுக்குரியது வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு எந்தச் சான்றும் அகப்படவில்லை. அவை போனவை போனவையே. அப்பணத்தைக் கொண்டு கூரையை மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அவருடைய கணவர், பணம் வருவதற்கு ஐந்து மாதத்துக்கு முன் காலமானார். ஆகவே இதை வெற்றிக் கதை என்று நான் எழுதத் துணியவில்லை.

வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, இவ்வாரம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். அப்பா, அம்மா, அப்பாயி, அம்மாயி ஆகியோரின் கடதாசிகளை வெளியே எடுத்துப் பாயிலே பரப்புங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்குக் கூற்று ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, பிறந்த திகதி ஒத்திருக்கிறதா, இலக்கம் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், அவர்கள் வேலையில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள். சகபாடிகள் உயிரோடிருக்கும்போது சாட்சி சொல்ல ஆள் உண்டு. பெரிய கிளாக்கர் மாறிப்போகுமுன் விளக்கம் சொல்ல ஆள் உண்டு. ஓய்வு பெற்றபின் தேடுவது, ஆறு வற்றியபின் மீன் தேடுவது போலாகும். அதோடு, இப்படி எடுத்த கடதாசிகளைப் பார்ப்பவரிடமெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். அடையாள அட்டையின் பிரதியும் கைநாட்டும் பணத்துக்குச் சமம். பணத்தை யாரிடம் கொடுப்பீர்களோ அவரிடம் மட்டுமே கொடுங்கள்.

ஆபீசிலே இருந்து பெயர் எழுதுகின்ற நம் தம்பி தங்கையருக்கும் ஒரு வார்த்தை. இன்று தோட்டத்து ஆபீசுகளிலும் அரச கந்தோர்களிலும் நம் பிள்ளைகள் எழுதுவினைஞராக இருக்கிறார்கள். அந்த மேசையின் முன்னே ஒரு மூதாட்டி வந்து நிற்கும்போது, “பேரு என்ன?” என்று கேட்டுவிட்டு, காதில் விழுந்ததை எழுதிவிடாதீர்கள். எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிடிப்பது அரை நிமிஷம்.

கடைசியாக நான் காளியம்மாவைக் கண்டபோது, தம் பேத்தியின் பரீட்சைச் சான்றிதழை அந்தத் தகரப் பெட்டியிலே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். “பேரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று என்னிடம் நீட்டினார். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.